டிரைவர் இல்லாத வண்டியும் 'யாராவது பாத்துக்குவாங்க' கூட்டமும்

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ரெண்டு வழி இருக்கிறது. அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பெரிய ரோடு ஒன்று. சுற்றுலா பஸ், கோடை விழாக் கூட்டம், புதுமணத் தம்பதிகள் எல்லாம் அந்த வழிதான். இன்னொன்று குப்பனூர் வழி. கொட்டச்சேடு வழியாகப் போய் மேலே சேரும். நல்ல வெயில் நாளில் வெளியூர்க்காரர் யாருக்கும் குப்பனூர் ஞாபகத்துக்கே வராது. பெரிய ரோட்டில் மண் சரிந்து வண்டிகளை நிறுத்தும்போதுதான் "குப்பனூர் ரோடு திறந்திருக்கா?" என்று ஊரே கேட்கும்.

அதற்கு "திறந்திருக்கு" என்று பதில் வர வேண்டுமானால், மழைக்கு முன்னாடியே யாரோ ஒருவர் பக்கக் கால்வாயில் அடைத்துக் கிடந்த சருகையும் மண்ணையும் வாரியிருக்க வேண்டும். ரோடு போட்டதற்குக் கல்வெட்டு உண்டு, ரிப்பன் வெட்டு உண்டு. கால்வாய் வாரியதற்குக் கல்வெட்டு எங்கேயாவது பார்த்ததுண்டா? வாராமல் விட்டு, மண் சரிந்த பிறகு "இந்த ரோடே சரியில்லப்பா" என்று சொல்ல மட்டும் ஆயிரம் பேர் வருவார்கள்.

லினக்ஸைப் பற்றி நம்ம ஊரில் நடக்கும் பேச்சு அச்சு அசல் இதேதான். "இலவசம்தான், ஆனா வைஃபை வராது." "நல்லாத்தான் இருக்கு, ஆனா பிரிண்டர் எடுக்காது." "காலேஜ் லேப்ல போட்டாங்க, ஒரு வருஷத்துல தூக்கிட்டாங்க." கேட்டுக் கேட்டுப் புளித்துப் போன வசனங்கள். உண்மையில் தப்பு லினக்ஸ் மேல் இல்லை. வாங்கும்போது காசு எண்ணத் தெரிந்து, பராமரிக்கும்போது கையை விரிக்கும் அரசு. பொருளை விற்றதும் காணாமல் போகும் கம்பெனி. "ஓப்பன் சோர்ஸ்னா யாராவது பாத்துக்குவாங்க" என்று குறட்டை விடும் பயனர். குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியது இந்த மூவர்தான்.

முதல்ல, இந்த டிரைவர் யாரு?

காமர்ஸ் மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். (கம்ப்யூட்டர் சயின்ஸ் பெருமக்கள் அடுத்த பகுதிக்குத் தாவி விடலாம்.)

கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுநாயகம். நீங்கள் ஓட்டும் மென்பொருளுக்கும் கீழே இருக்கும் இரும்புக்கும் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணும் ஆள். பிரச்னை என்னவென்றால் இந்த இரும்புகள் ஒவ்வொன்றும் ஒரு பாஷை பேசும். ஒரு வைஃபை சிப்புக்குப் புரிவது இன்னொரு வைஃபை சிப்புக்குப் புரியாது. அந்தந்தப் பாஷை தெரிந்த மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். உலகத்தில் விற்கும் அத்தனை இரும்புக்கும் ஆள் வேண்டும் அல்லவா? அதனால்தான் லினக்ஸ் கெர்னலின் மூல நிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்களே அடைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அத்தனை பேரையும் எப்போதும் நினைவகத்தில் ஏற்றி வைத்தால் தாங்காது. அதற்குத்தான் மாட்யூல். டிரைவரைத் தனிக் கோப்பாக வட்டில் வைத்திருந்து, தேவைப்படும்போது மட்டும் கெர்னலுக்குள் ஏற்றி, வேலை முடிந்தால் இறக்கி விடலாம். கணினியை நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய கெர்னலில், 1995-ல் வந்த 1.2 பதிப்பிலேயே இந்த வசதி வந்து விட்டது.

ஒரு யுஎஸ்பி சாதனத்தைச் சொருகினால் அது தன் பெயரைச் சொல்லாது, ரெண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரித்த கம்பெனியின் எண், மற்றது அந்தப் பொருளின் எண். ஒவ்வொரு மாட்யூலும் "இன்னின்ன எண்கள் வந்தால் என்னைக் கூப்பிடு" என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கும். பொருந்தினால் மாட்யூல் ஏறும், சாதனம் வேலை செய்யும். எந்தப் பட்டியலிலும் அந்த எண் இல்லை என்றால் நீங்கள் ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அது வெறும் பிளாஸ்டிக் துண்டுதான்.

ஒரு தடவை எழுதினா போதாதா?

போதாது. மொத்தச் சண்டையும் இங்கேதான் ஆரம்பம்.

லினக்ஸ் கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு காண்கிறது. உள்ளே இருக்கும் செயற்கூறுகளின் பெயர் மாறும், அவற்றைக் கூப்பிடும் முறை மாறும். ஒரு பதிப்புக்காகத் தொகுத்த மாட்யூலில் அந்தப் பதிப்பின் முத்திரை இருக்கும். வேறு பதிப்பில் ஏற்றப் பார்த்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பி விடுவார்கள். "உள் இடைமுகத்தை மாற்றாமல் வைத்திருப்போம் என்று உறுதி கொடுக்க முடியாது" என்பதை கெர்னல் தலைகளில் ஒருவரான கிரெக் குரோவா ஹார்ட்மன் ஒரு கட்டுரையாகவே எழுதி மூல நிரலோடு சேர்த்து வைத்திருக்கிறார். (மேலே ஓடும் சாதாரண மென்பொருளுக்கு இந்தப் பயம் வேண்டாம். அந்தப் பக்கம் எதையும் உடைக்கக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் மகா கறார்.)

கேட்டால் அநியாயமாகத் தெரியும். ஆனால் இதில் ஒரு கூட்டுக் குடும்ப நியாயம் இருக்கிறது. வீட்டில் சமையலறையை இடம் மாற்றுகிறவர், அதில் சாப்பிடும் அத்தனை பேருடைய தட்டையும் டம்ளரையும் தானே தூக்கிப் புது இடத்தில் வைத்து விட வேண்டும். அதாவது, ஒரு செயற்கூற்றை மாற்றுகிற ஆள், கெர்னல் மூல நிரலுக்குள் அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவரையும் தானே திருத்திக் கொடுக்க வேண்டும். ஆக, குடும்பத்துக்குள் இருக்கும் டிரைவர் பட்டினி கிடக்காது. தனிக்குடித்தனம் போன டிரைவரின் தட்டை எடுத்து வைக்கத்தான் ஆள் இல்லை.

இந்தத் தனிக்குடித்தனக்காரர்களுக்காக டெல் கம்பெனி 2003 வாக்கில் டிகேஎம்எஸ் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் வெளி மாட்யூலைத் தானாகவே மறுபடி தொகுத்துத் தரும். நல்ல விஷயம்தான். ஆனால் தொகுக்கும் வேலையைத்தான் அது செய்யும். செயற்கூறே மாறி விட்டால் நிரலைத் திருத்த ஒரு மனுஷன் வேண்டும். அந்த மனுஷன் யார்? அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

நம்ம ஊரு கதை

தமிழ்நாடு லினக்ஸ் பக்கம் திரும்பாத மாநிலம் இல்லை. சொல்லப் போனால் பல மாநிலங்களுக்கு முன்பே திரும்பியது. எல்காட் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்த 2007 காலகட்டத்தில், அரசு வாங்கும் கணினிகளில் சூசே லினக்ஸ் போட வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். அதே 2007 ஜனவரியில் சென்னை சிடாக் டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது ஆரம்ப ஆண்டுகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸையும் போட்டே கொடுத்தார்கள். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசு அலுவலகங்களில் பாஸ் போடச் சொல்லி அறிவுறுத்தியதும் இதே தமிழ்நாடு அரசுதான்.

அப்புறம் என்ன ஆச்சு?

குப்பனூரிலோ வலசையூரிலோ ஒரு பிளஸ் டூ பையனுக்கு அந்த மடிக்கணினி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த அன்றைக்கு எல்லாம் ஓடும். ரெண்டு வருஷம் கழித்து, காலேஜ் போன பிறகு, புதுப் பதிப்பு போடுகிறான். கெர்னல் மாறுகிறது. கம்பெனி அன்றைக்குத் தனியாகக் கொடுத்த வைஃபை மாட்யூல் ஏற மறுக்கிறது. யாரைக் கேட்பான்? கடைக்காரரா கொடுத்தார், போய்ச் சண்டை போட? "லினக்ஸ் வேஸ்ட்டு மச்சி" என்று பக்கத்து பெஞ்ச் சொல்கிறது. திருட்டு விண்டோஸ் சிடியோடு ஒரு அண்ணன் வருகிறார். கதை முடிந்தது. பையன் மேலும் தப்பில்லை, லினக்ஸ் மேலும் தப்பில்லை. பெட்டியை ஒப்படைத்த அன்றே கணக்கை மூடியவர்கள் மேல்தான் தப்பு.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2008-ல் இருந்து ஒரு நாலைந்து வருஷம் நம்ம ஊரில் டேட்டா கார்டு காலம். கேபிள் போகாத கிராமத்துக்கும் இணையத்தைக் கொண்டு போனது அந்தக் குச்சிதான். அதில் பல மாடல்கள் சொருகியதும் தன்னை மோடம் என்றே சொல்லாது. "நான் ஒரு சிடி டிரைவ்" என்று பொய் சொல்லும். அந்தப் போலி சிடிக்குள் விண்டோஸ் டிரைவர் இருக்கும். அதை நிறுவிய பிறகுதான் மோடமாக வேஷம் மாறும். லினக்ஸுக்கு அந்தப் பெட்டியில் ஒன்றும் வைக்க மாட்டார்கள். கம்பெனி உதவியே இல்லாமல், வேஷத்தைக் கலைக்க என்ன செய்தி அனுப்ப வேண்டும் என்று மாடல் மாடலாகக் கண்டுபிடித்து 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற கருவியை உருவாக்கியவர்கள் தன்னார்வலர்கள். கெர்னல் பக்கம் இன்னும் எளிது. பல குச்சிகளுக்கு, ஏற்கெனவே இருந்த ஒரு மாட்யூலின் பட்டியலில் அந்த ரெண்டு எண்களைச் சேர்த்தாலே போதும். ஒரே ஒரு வரி!

யோசித்துப் பாருங்கள். ஒரு வரி. ஆயிரக்கணக்கில் குச்சி விற்ற கம்பெனிக்கு அந்த ஒரு வரியை எழுதி அனுப்ப நேரம் இல்லை.

பிரிண்டர் கதையும் அதே ரகம். (பிரிண்டர் டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருப்பது. ஆனால் வியாதி ஒன்றுதான்.) ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ், பத்திர எழுத்தர் மேஜை என்று எங்கே பார்த்தாலும் கேனான் எல்பிபி 2900 உட்கார்ந்திருக்கும். அதற்கு லினக்ஸ் டிரைவர் என்று கம்பெனி கொடுத்தது மூல நிரல் திறக்காத மூட்டை. மூடிய மூட்டையை வெளியாள் யாரும் திருத்த முடியாது. கம்பெனி திருத்தினால் உண்டு, இல்லை என்றால் இல்லை. கடைசியில் அந்தப் பிரிண்டர் பேசும் பாஷையை வெளியில் இருந்து ஒட்டுக் கேட்டு, சுதந்திர டிரைவர் எழுதியதும் தன்னார்வலர்கள்தான்.

கணக்குப்பதிவியல் முதல் பாடம்

ஒரு மிஷின் வாங்கினால் முதலினச் செலவு. அதற்கு எண்ணெய் விட்டு பெல்ட் மாற்றினால் வருவாயினச் செலவு. பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். ரெண்டாவது செலவு இல்லாமல் முதல் செலவுக்கு அர்த்தமே இல்லை. தேய்மானம் எழுதாத இருப்புநிலைக் குறிப்பைக் கொண்டு போய் ஆடிட்டரிடம் நீட்டிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் ஓப்பன் சோர்ஸ் என்றதும் பெரிய பெரிய அதிகாரிகளுக்கே இந்தப் பாடம் மறந்து போகிறது. "உரிமக் கட்டணம் பூஜ்யம்" என்ற வரியைப் பார்த்ததும் "பராமரிப்புச் செலவு பூஜ்யம்" என்று தாங்களே ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்கள். ஏசிக்கு ஏஎம்சி உண்டு. லிஃப்டுக்கு ஏஎம்சி உண்டு. தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டிக்குக் கூட ஏஎம்சி உண்டு. இத்தனை கணினியை ஓட்டும் டிரைவருக்கு மட்டும் ஏஎம்சி கிடையாது. என்ன கணக்கு சார் இது?

கெர்னல்காரர்கள் இந்த விஷயத்தில் நம்ம அரசு அலுவலகங்களை விட நேர்மையானவர்கள். மூல நிரலோடு 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள். எந்தப் பகுதியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற பேரேடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையும் போட்டிருப்பார்கள்:

1. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் பார்த்துக்கொள்கிறார்.
2. ஒருவர் பார்த்துக்கொள்கிறார். (சம்பளம் பற்றிப் பேச்சில்லை.)
3. ஆள் இருக்கிறார், ஆனால் அவருக்கு நேரமில்லை. அவ்வப்போது ஏதாவது ஒட்டுப் போடுவார்.
4. அனாதை.
5. காலாவதி.

ஆமாம், அந்தக் கோப்பில் 'அனாதை' என்றேதான் எழுதுவார்கள். 2019 ஜூலையில் ஃப்ளாப்பி டிரைவரை டோர்வால்ட்ஸே அனாதைப் பட்டியலில் போட்டார். காரணம், அதைப் பார்த்துக்கொண்டவரிடம் வேலை செய்யும் ஃப்ளாப்பி டிரைவ் கைவசம் இல்லை! சோதித்துப் பார்க்காமல் எப்படித் திருத்துவார்? பிறகு வேறொருவர் முன்வந்து தத்தெடுத்துக்கொண்டார்.

இன்னொரு மாயையையும் உடைக்க வேண்டும். லினக்ஸை யாரோ தாடி வைத்த மகான்கள் ராத்திரியில் இலவசமாக எழுதுகிறார்கள் என்பது பழைய புராணம். இன்றைக்குக் கெர்னல் வேலையில் பெரும்பகுதி இன்டெல், ரெட் ஹாட், கூகிள் போன்ற கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள் செய்வது. கம்பெனிக்கு எந்த இரும்பு முக்கியமோ அதற்குத்தான் முதல் நிலை. குப்பனூர் பையன் கையில் இருக்கும் மலிவு விலை வைஃபை சிப் அமெரிக்க டேட்டா சென்டரில் இருக்காது. அதைப் பார்த்துக்கொள்ள அங்கே யாருக்கும் சம்பளம் கிடைக்காது. அப்படியானால் இங்கே யாராவது கொடுக்க வேண்டும். கொடுக்கிறோமா?

இருப்பவர்கள் மீதும் சுமை ஏறிக்கொண்டே போகிறது. 2017-ல் நீண்டகால ஆதரவுக் கெர்னல்களை ஆறு வருஷம் வரை பராமரிப்போம் என்றார்கள். 2023-ல் ரெண்டு வருஷத்துக்கே திரும்பப் போகிறோம் என்று அறிவித்தார்கள். பராமரிக்கிற ஆட்கள் களைத்துப் போனதும் ஒரு காரணம். 'யாராவது' என்பவருக்கும் முதுகு வலிக்கும் மக்களே.

எதிர்க்கட்சி வாதங்கள்

*"கம்பெனி ரகசியத்தை எப்படிக் கொடுப்பான்?"* 2007 ஜனவரியிலேயே கிரெக் குரோவா ஹார்ட்மன், விவரக் குறிப்பைக் கொடுங்கள், ரகசிய ஒப்பந்தம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம் என்று கம்பெனிகளுக்கு வெளிப்படையாக அறிவித்தார். வைஃபை ரகசியத்தைக் காலம் காலமாகக் கட்டிக் காத்த பிராட்காம் 2010 செப்டம்பரில் மூல நிரலோடு டிரைவர் வெளியிட்டது. 2012-ல் ஃபின்லாந்தில் ஒரு மேடையில் டோர்வால்ட்ஸ் நடுவிரலைக் காட்டித் திட்டிய என்விடியா, 2022 மே மாதம் தன் கெர்னல் மாட்யூல் மூல நிரலைத் திறந்தது. இவர்கள் யாரும் தெருவுக்கு வந்து விடவில்லை. என்விடியா எந்த உயரத்தில் இருக்கிறது என்று பங்குச் சந்தை பார்க்கும் காமர்ஸ் மக்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன :-)

*"கெர்னல்காரன் சும்மா சும்மா மாத்தாம இருந்தா இந்தப் பிரச்னையே வராதே?"* இந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மறுக்க வேண்டாம். ஆனால் மாற்றாமல் வைத்தால் பழைய ஓட்டைகளையும் கூடவே கட்டி அழ வேண்டும். நடுவழி கண்டுபிடிக்க முடியாததும் இல்லை. ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். சிப் கம்பெனிகள் தங்கள் டிரைவர்களை வெளியிலேயே வைத்துக்கொண்டதால், புது அப்டேட் வராமல் நல்ல போன்களும் சீக்கிரமே கிழடு தட்டின. கூகிள் 2017-ல் ட்ரெபிள் என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. அப்புறம் ஆண்ட்ராய்டு 12 காலத்தில், கெர்னல் எல்லோருக்கும் பொது, கம்பெனி டிரைவர்கள் தனித்தனி மாட்யூல்கள் என்று பிரித்தது. அந்தப் பிரிவுக் கோட்டை மாற்றாமல் காப்பதற்கென்று சம்பளம் கொடுத்து ஆள் போட்டிருக்கிறார்கள். கவனியுங்கள்: சம்பளம் கொடுத்து.

*"விண்டோஸ்ல இந்தத் தலைவலியே இல்லையே?"* இல்லையா? 2007-ல் விஸ்டா வந்தபோது எக்ஸ்பியில் ஓடிய எத்தனையோ பிரிண்டரும் ஸ்கேனரும் செத்து விழுந்தன. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பிராசஸர்களைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. பெரிய ரோட்டில் மண் சரிந்து விட்டது. இப்போது பழைய கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் மாற்று வழி வேண்டும். மாற்று வழியில் கால்வாய் வாரி வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியது என்ன?

புலம்பி விட்டுப் போனால் போதாது. செய்யக் கூடிய நாலு காரியங்கள்:

ஒன்று, டெண்டரில் ஒரே ஒரு நிபந்தனை. "இந்தக் கணினியில் உள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் டிரைவர் அதிகாரபூர்வ லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்க வேண்டும். சிடியில் தனியாகக் கொடுத்தால் ஏற்க மாட்டோம்." லட்சக்கணக்கில் வாங்குகிற அரசு கேட்டால் எந்தக் கம்பெனி மாட்டேன் என்று சொல்லும்? அவ்வளவு பெரிய பேரம் பேசும் சக்தியை வைத்துக்கொண்டு சும்மா விலையை மட்டும் குறைத்துக்கொண்டு வருவது கடைந்தெடுத்த ஏமாளித்தனம்.

ரெண்டு, சிடாக் போன்ற அமைப்புகள் வால்பேப்பரும் மெனுவும் மாற்றிப் புதுப் பெயரில் வெளியிடுவதோடு நிற்கக் கூடாது. நம்ம ஊரில் அதிகம் விற்கும் இரும்புக்கான டிரைவர்களைத் தத்தெடுத்து, மெயின்டெய்னர்ஸ் கோப்பில் சம்பளத்தோடு நாலு பெயரைப் போட வேண்டும்.

மூன்று, பக்கத்து வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். கேரளம் 2001-ல் ஐடி@ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, பின்னால் பள்ளிகளை சுதந்திர மென்பொருளுக்கு மாற்றியது. இன்று கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தன் சொந்த லினக்ஸைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. சிடி கொடுத்து விட்டு ஓடவில்லை. இத்தனை வருஷம் தாக்குப் பிடித்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

நாலு, நாமும்தான். நிரல் எழுதத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஃப்ளாப்பி கதையைத் திரும்பப் படியுங்கள்: அங்கே இல்லாமல் போனது அறிவு அல்ல, வேலை செய்யும் ஒரு டிரைவ். உங்கள் மேஜையில் இருக்கும் மலிவு வைஃபை குச்சி அதைத் திருத்துகிறவர் மேஜையில் இல்லாமல் இருக்கலாம். அது சொல்லும் ரெண்டு எண்களையும், கெர்னல் கக்கும் பிழைச் செய்தியையும் எடுத்து, முறையாகப் புகார் எழுதி, "இதைச் சோதித்துச் சொல்" என்று கேட்டால் சோதித்துச் சொல்வது பி.காம். படிக்கிறவருக்கும் முடியும். 'லினக்ஸ் வேஸ்ட்டு' என்று ஊரெல்லாம் சொல்ல ஆகும் நேரத்தில் பாதி கூட ஆகாது.

அடுத்த முறை யாராவது "ஓப்பன் சோர்ஸ்தானே, இலவசம்தானே" என்று ஆரம்பித்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் என்ன?" பெயர் சொன்னால் கணினியை வாங்கலாம். "யாராவது பாத்துக்குவாங்க" என்றால், டிரைவர் சீட் காலியாக இருக்கும் பஸ்ஸில் மலை ஏறச் சொல்கிறார் என்று அர்த்தம்.

டிஸ்கி: எல்பிபி 2900 பிரிண்டர் பத்து வருஷத்துக்கு மேல் உழைக்கும் நல்ல இரும்பு. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். இங்கே திட்டு வாங்கியது இரும்பு அல்ல, அதற்குக் கொடுத்த மூட்டை :-)